என் ஓரகத்தியும் கேப்டனின் முன் சீட்டும்

என் ஓரகத்திக்கு மறதி என்பதே கிடையாது. கொழுந்தனைக் கட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்த புதிதில், கடைத்தெருவில் ஜிப் விற்கிறவன் ஒருவன், ஜிப்பின் நீளத்தை அவள் அளந்து பார்த்ததற்காக, தங்கமா வாங்குகிறாய் என்று கேட்டுவிட்டான். அன்றைக்கு விட்டவள்தான், அந்தக் கடைவாசலை மிதித்ததில்லை. அவன் செத்து, மகன் கல்லாவுக்கு வந்து, அந்த மகனுக்கும் தலை நரைத்துவிட்டது. இவள் இன்னும் இரண்டு தெரு சுற்றிப்போய்த்தான் ஜிப் வாங்குகிறாள். கொட்டுகிற மழையிலும் அப்படித்தான். அந்தப் பிள்ளை என்ன பாவம் செய்தான் என்று ஒருநாள் கேட்டேன்.

"அப்பன் முகம் அப்படியே இருக்குக்கா" என்றாள்.

இப்பேர்ப்பட்டவளிடம் போய்த்தான் கேப்டன் வாயைக் கொடுத்தார்.

அவள் கதையைச் சொல்வதற்கு முன்னால் என்னைப் பற்றி நாலு வார்த்தை சொல்ல வேண்டும். நான் இல்லாவிட்டால் அவள் கதையும் இல்லை, எங்கள் பெண் விமானிகள் சங்கமும் இல்லை. நான் ஐந்தாம் வகுப்பு வரை போனவள். அதிலும் பாதி நாள் வகுப்புக்கு வெளியேதான் நின்றேன். வீட்டுக்காரர் போனபோது எனக்கு மிச்சமாக இருந்தது ஒரு பிரஷ்ஷும் ஒரு தகர டப்பாவும்தான். இன்று சாலையில் வெள்ளைக்கோடு போடும் தொழிலில் என்னை மிஞ்ச ஆள் இல்லை. இந்த ஊரில் எந்த ரோட்டை நீங்கள் கடந்தாலும் என் கோட்டை மிதித்துத்தான் கடக்க வேண்டும். மந்திரியாக இருந்தாலும் சரி.

பெயின்ட்டும் வண்டிகளும் போட்டுவைக்கிற என் யார்டின் பின்பக்கம் ஓரகத்திக்கு ஒரு ஷெட் போட்டுக் கொடுத்தேன். லாரி சீட், பஸ் சீட், தார்ப்பாய், படகு மூடி, எதைக் கொண்டுவந்து போட்டாலும் தைத்துவிடுவாள். கனத்த துணி தைக்கிற மெஷின். ஊசியே ஆணி மாதிரி இருக்கும். அது ஓடும்போது பக்கத்தில் இருப்பவர் பேச்சு காதில் விழாது. அதனால் அவளும் அதிகம் பேசிப் பழகவில்லை. பேசவில்லை என்பதற்காக நினைக்கவில்லை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

ஊரைத் தாண்டி ஒரு சின்ன விமானத் திடல் இருக்கிறது. ஒற்றை ஓடுபாதை, இரண்டு கொட்டகை, ஒரு கேண்டீன். அங்கே கேப்டன் விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி நடத்திவந்தார். அவர் பட்டாளத்தில் கேப்டன் இல்லை, பெரிய விமானக் கம்பெனியிலும் இல்லை. படிக்க வந்த பிள்ளைகள் கூப்பிட்டுக் கூப்பிட்டு அதுவே பேராகிப்போனது. வீட்டில் மனைவியும் அப்படியே கூப்பிட்டால் தேவலை என்று ஆசைப்பட்டவர்.

அவருடைய விமானங்களுக்கு சீட் கிழிந்துபோய், அளவெடுக்க என் ஓரகத்தியை வரச்சொன்னார்கள். உட்காருகிற இடத்தில் உட்கார்ந்து பார்க்காமல் அவள் எந்த சீட்டையும் தைக்கமாட்டாள். விமானி சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். முன்னால் கண்ணாடி, அதற்கு முன்னால் மூக்கு, அதற்கும் முன்னால் ஒன்றுமே இல்லாத வானம். அளவு நாடாவைக் கையில் பிடித்தபடி அப்படியே இருந்தாளாம். சீட் தைத்து முடிந்ததும் பள்ளியில் சேர்ந்துவிட்டாள். கொழுந்தன் என்னிடம் ஓடிவந்து, அண்ணி நீங்களாவது சொல்லுங்க என்றான். நான் சொன்னேன்: "போகட்டும்டா. நீ போறேன்னு சொன்னாதான் கவலைப்படணும்."

நன்றாகத்தான் கற்றாள். ஒரே ஒரு இடத்தில் சிக்கல். விமானத்தில் முன் சீட் இரண்டுக்கும் தனித்தனிக் கண்ட்ரோல் உண்டு, இரண்டும் சேர்ந்தே அசையும். தரையிறங்கும்போது சொல்லிக்கொடுக்கிறவர் தன் பக்கத்துக் கண்ட்ரோலுக்கு அருகில் கையை வைத்திருப்பது வழக்கம். ஏதாவது தப்பினால் பிடித்துக்கொள்ளலாம் என்று. கேப்டனுக்கோ கையை அருகில் வைக்கிற பழக்கமெல்லாம் இல்லை. பிடித்தே வைத்திருப்பார். விமானம் தரையை நெருங்க நெருங்க அவர் பிடி இறுகும். அவள் ஒரு பக்கம் இழுக்க, அவர் ஒரு பக்கம் இழுக்க, பாவம், விமானம் யார் பேச்சைக் கேட்கும்? மாமியாருக்கும் மருமகளுக்கும் நடுவில் மாட்டின பிள்ளை மாதிரி அல்லாடிக்கொண்டு போய் விழும். உடனே அவர், பார்த்தாயா, இறக்கத் தெரியவில்லை என்பார். அவளை முதன்முறை தனியாக அனுப்பின அன்று பூவை வைத்த மாதிரி இறக்கிவிட்டு வந்தாள். அன்று அவர் கை பக்கத்தில் இல்லையே. அதற்கு, காற்று நல்ல காற்று என்றாராம்.

லைசென்ஸ் டெஸ்ட்டுக்குப் போக வேண்டுமானால் அவர் சரி என்று சொல்ல வேண்டும். சொல்லவே இல்லை. இவளுக்குப் பின்னால் சேர்ந்த மருந்துக்கடைக்காரர் மகன் போனான். அவனுக்கும் பின்னால் சேர்ந்த மீசைக்காரர் ஒருவர் போனார்; அந்த ஆளுக்கு இடது வலதே தடுமாறும். ஒருநாள் கேண்டீனில் எல்லாரும் இருக்கும்போது இவள் எழுந்து போய்க் கேட்டாள்.

"என்னை எப்ப சார் டெஸ்ட்டுக்கு அனுப்புவீங்க?"

"எதை நம்பிம்மா அனுப்பறது? ஒவ்வொரு லேண்டிங்கும் நான்தானே பண்றேன்?"

"நீங்க கையை எடுத்தா நான் பண்ணுவேன் சார்."

"பாரு, கோபம் பொத்துக்கிட்டு வருது. உன் குணத்துக்கு வானம் சரிப்படாது. அந்தத் தையல் மெஷின்தான் லாயக்கு. எவ்வளவு வேகமா ஓட்டினாலும் நின்ன இடத்துலயே நிக்கும்."

கேண்டீன் முழுக்கச் சிரித்தது. இவள் போய் உட்கார்ந்து மிச்ச டீயைக் குடித்து முடித்து, கிளாஸைக் கழுவி வைத்துவிட்டு வந்தாள். அன்று சாயங்காலம் மெஷின் ஓடவில்லை. உள்ளே எட்டிப்பார்த்தேன். சும்மா உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் கேப்டன் பிழைத்திருப்பார்.

அதன்பிறகு வார முடிவுகளில் பஸ் ஏறி வேறு ஊர்த் திடலுக்குப் போக ஆரம்பித்தாள். அங்கே சொல்லிக்கொடுத்தவர் ஒரு தூங்குமூஞ்சி. பாதி நேரம் கையைக் கட்டிக்கொண்டு ஜன்னல் வழியே வேடிக்கை பார்ப்பாராம். மளமளவென்று லைசென்ஸ் வாங்கினாள். அதோடு விட்டாளா? விடாமல் படித்து, பறந்து, மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற லைசென்ஸும் வாங்கிக்கொண்டுதான் எங்கள் திடலுக்குள் மறுபடி காலை வைத்தாள். கேப்டன் அவளைப் பார்த்து, அட, தையல் நல்லாப் போகுதா என்று கேட்டார். நல்லாப் போகுது சார் என்றாள்.

சங்கம் ஆரம்பித்தது என் யோசனை. பெண்களாகச் சேர்ந்து ஒரு பழைய நாலு சீட் விமானம் வாங்கினோம். வெள்ளை நிறம், அதனால் பேர் வெள்ளச்சி. முதலில் பேக்கரிக்காரி வந்தாள், பிறகு வக்கீலம்மா, மாட்டு டாக்டர், டயர்க்கடை அக்கா தங்கை. எல்லாருக்கும் சொல்லிக்கொடுத்தது ஓரகத்தி. நானும் கற்றேன். ஐம்பதைத் தாண்டி, பேரன் எடுத்தபிறகு, தனியாக விமானத்தை ஏற்றி இறக்கினவள் இந்த வட்டாரத்திலேயே நான் ஒருத்திதான். வேறு யாராவது இருந்தால் வந்து சொல்லட்டும்.

சங்கம் என்றால் கூடி டீ குடித்துக் கலைவது இல்லை. மழைக்கு மலைரோடு உடைந்தால் மேலே இருக்கிற ஆஸ்பத்திரிக்கு மருந்துப்பெட்டி கொண்டுபோவோம். பள்ளிக்கூடத்துப் பெண்பிள்ளைகளை அழைத்துவந்து விமானத்தில் ஏற்றிக் காட்டுவோம். மேலே வழி தப்பினவனுக்குத் தெரியட்டும் என்று, கிடங்குக் கூரைகளில் ஊர்ப்பேரை ஆளுயர எழுத்தில் எழுதினோம். எழுத்து என் கை. திடலில் மஞ்சள் பெயின்ட்டில் ஒரு பெரிய திசைவட்டமும் வரைந்தோம். விமானத்தைக் கொண்டுவந்து அதன்மேல் நிறுத்தினால் உள்ளே இருக்கிற திசைகாட்டி ஒழுங்காகக் காட்டுகிறதா என்று சரிபார்த்துக்கொள்ளலாம். எல்லாருக்கும் பொதுவான சேவை.

அந்த மஞ்சள் பெயின்ட் காய்வதற்குள் கேப்டன் தன் விமானத்தை அதன் நடுவிலேயே ஓட்டிக்கொண்டு போனார். கோலி விளையாட வட்டம் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்தாராம். எனக்குக் கொலைவெறி வந்தது. ஆனால் அது ரோட்டு பெயின்ட். டயரில் ஏறினால் தோலை உரித்தாலும் போகாது. தடத்தை மூடி அடிக்க எனக்கு ஒரு காலை வேலைதான். அவரோ மஞ்சள் பூசின சக்கரத்தோடு பல நாள் போய்வந்தார். பார்த்தவர்கள் எல்லாம் கேப்டன் வளைகாப்பு முடிந்து வருகிறாரா என்று கேட்டார்கள். நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். ஓரகத்தி சிரிக்கவில்லை.

"இது ஒரு பழியாக்கா? டயர்தானே."

"பின்ன எதுடி பழி? சொல்லு, செஞ்சிடுவோம். பெயின்ட் நிறைய இருக்கு."

கையில் இருந்த பிரஷ்ஷைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். வருஷக்கணக்காக மனசுக்குள் தைத்து வைத்திருந்ததைப் பிரித்துக் காட்டுகிற மாதிரி இருந்தது.

"அவரு என்கிட்ட வந்து ஒண்ணு கேக்கணும். அவரு உசுரா நினைக்கற ஒண்ணு. நான் அவரு மூஞ்சியைப் பாத்து முடியாதுன்னு சொல்லணும். சொல்ற காரணம் நிஜமா இருக்கணும். அவரு எனக்குச் சொன்ன மாதிரி இட்டுக்கட்டினதா இருக்கக் கூடாது."

"அவரு எதுக்குடி உன்கிட்ட வரப்போறாரு?"

"வருவாரு" என்றாள்.

எங்கள் சங்கத்தில் துணைசீட் வகுப்பு என்று ஒன்று உண்டு. விமானியின் பக்கத்தில் உட்கார்ந்து போகிறவர்களுக்கான வகுப்பு. புருஷன் ஓட்டினால் பெண்டாட்டி வருவாள், பெண்டாட்டி ஓட்டினால் புருஷன் வருவான். வெளியே பார்த்து வேறு விமானம் வந்தால் சொல்வது, ஓட்டுகிறவர் கேட்கும்போது சரிபார்க்கிற பட்டியலை வாசிப்பது, ஓட்டுகிறவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் எப்படி இறக்குவது, எல்லாம் சொல்லித்தருவோம். இதை ஆரம்பித்ததற்குக் காரணம் மாட்டு டாக்டர் வீட்டுக்காரர். அவள் வெள்ளச்சியை இறக்கும்போது பயந்துபோய்க் கண்ட்ரோலை எட்டிப் பிடித்தார். மூக்குச் சக்கரம் வளைந்துவிட்டது. அன்றே நான் தலைவி என்கிற முறையில் சட்டம் போட்டேன்: வகுப்பை முடித்து ஓரகத்தி சரி என்று சொல்லாத யாரும் வெள்ளச்சியின் முன் சீட்டில் உட்காரக் கூடாது. பின் சீட்டுக்கு வகுப்பு வேண்டாம். அங்கிருந்து எதுவும் எட்டாது.

இந்த வகுப்பில் சேரத்தான் ஒருநாள் நர்ஸம்மா ஷெட்டுக்கு வந்தார். கேப்டனின் மனைவி. பெரிய ஆஸ்பத்திரியில் வார்டு நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். சோபா உறை தைக்க வந்தேன் என்று சொல்லி, துணியைக்கூடப் பிரிக்காமல் உட்கார்ந்திருந்தார். மெஷினை நிறுத்தியதும் விஷயத்தைச் சொன்னார். கல்யாணமான நாளிலிருந்து கேப்டன் பக்கத்தில் உட்கார்ந்து பறந்திருக்கிறாராம். ஒரு நாளாவது எதையாவது தொட விட்டதில்லையாம். போன வாரம் மேலே போய்க்கொண்டிருந்தபோது கேப்டன் தலை தொங்கிவிட்டதாம்.

"நாடியைப் பிடிச்சேன். விட்டு விட்டு அடிக்குது. அப்புறம் அவரே முழிச்சுக்கிட்டாரு. 'மயக்கம் இல்ல, கண்ணை மூடி இன்ஜின் சத்தம் கேட்டேன்'ங்கறாரு. டாக்டர்கிட்ட வரமாட்டேங்கறாரு. எனக்கு இறக்கத் தெரியணும்மா. அவருக்குத் தெரிய வேண்டாம்."

ஓரகத்தியை வெளியே இழுத்துவந்து சொன்னேன்: ஆண்டவன் கொண்டுவந்து கையில் கொடுத்திருக்கிறான். சேர்த்துக்கொள், சொல்லிக்கொடுக்கிற மாதிரி சொல்லிக்கொடு, தேறவே விடாதே. உன்னை அவர் அலைக்கழித்த மாதிரி அவர் பெண்டாட்டியை நீ அலைக்கழி.

என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அவரு செஞ்சதையே நானும் செஞ்சா, அவருதான் எனக்கு வாத்தியாருன்னு ஆயிடும்க்கா."

நர்ஸம்மாவுக்கு அவள் கற்றுக்கொடுத்த மாதிரி வேறு யாருக்கும் கற்றுக்கொடுக்கவில்லை. எனக்குக்கூட. எனக்கு அதில் வருத்தம் உண்டு, சொல்லிவிடுகிறேன். நரம்பு தேடி ஊசி போட்ட கை, நர்ஸம்மாவின் கை, இழுக்காது, அமுக்காது. இறக்கத் தெரிந்தால் போதும் என்று வந்தவர், வகுப்பை முடித்து, மேலே படித்து, முழு லைசென்ஸுக்கே போய்விட்டார். ஆஸ்பத்திரியில் தொண்டு செய்யப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு வருவார். டெஸ்ட் முடிந்த மறுநாள் காலை சாப்பாட்டின்போது, எனக்கு லைசென்ஸ் வந்துவிட்டது என்று சொன்னாராம். கேப்டன் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், ஸ்கூட்டருக்கா என்று கேட்டாராம்.

விஷயம் புரிந்து, யார் கற்றுக்கொடுத்தது என்பதும் தெரிந்தபிறகு, ஒரு வாரம் வீட்டில் பேச்சில்லை. அந்த அமைதி நன்றாக இருந்தது என்றார் நர்ஸம்மா.

அடுத்தது கேப்டனின் உடல் பரிசோதனை. விமானம் ஓட்டுகிறவர்கள் எல்லாரும் அவ்வப்போது டாக்டரிடம் காட்டித் தேற வேண்டும். முன்பெல்லாம் கேப்டன் தனியாகப் போய்வருவார். அந்த முறை நர்ஸம்மா கூடவே போய், மேலே தலை தொங்கின கதையை டாக்டரிடம் சொல்லிவிட்டார். அன்றோடு கேப்டனின் லைசென்ஸ் போயிற்று. இனி அவர் தனியாக ஓட்ட முடியாது, கற்றுக்கொடுக்கவும் முடியாது. பள்ளியை மூடினார்கள். விமானங்களை எங்கிருந்தோ வந்தவர்கள் ஓட்டிக்கொண்டு போனார்கள். அப்படிச் செய்யலாமா என்று பேக்கரிக்காரி நர்ஸம்மாவைக் கேட்டாள். செத்துப்போன கேப்டனைவிட முறைக்கிற கேப்டன் தேவலை என்றார் அவர்.

கேப்டன் தினமும் வந்து திடலின் கம்பிவேலி ஓரத்தில் நிற்க ஆரம்பித்தார். யார் இறங்கினாலும் முனகுவார். கை மட்டும் அங்கே இல்லாத கண்ட்ரோலைப் பிடித்து ஆடிக்கொண்டிருக்கும். அவருக்குப் பறக்க ஒரே வழிதான் இருந்தது: மனைவி ஓட்ட, பக்கத்தில் உட்கார்ந்து போவது. நர்ஸம்மா ஓட்டுவது வெள்ளச்சியை. வெள்ளச்சியின் முன் சீட்டுக்குச் சட்டம் இருந்தது. பின் சீட்டில் போய் உட்காருகிற ஆளா அவர்?

ஷெட்டுக்கு அவர் வந்த அன்று நான் அங்கேதான் இருந்தேன். இல்லாவிட்டாலும் கேள்விப்பட்டு ஓடிவந்திருப்பேன். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. தார்ப்பாய்க் குவியலுக்கு நடுவில் நிற்க இடம் தேடி நின்றார். ஓரகத்தி ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள். அவர் உட்காரவில்லை.

"அந்த வகுப்பெல்லாம் எனக்கு எதுக்கும்மா? ஊருக்கே சொல்லிக்கொடுத்தவன். நீ ஒரு வார்த்தை சரின்னு சொன்னா முடிஞ்சுது."

"சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான் சார். சனிக்கிழமை காலைல வகுப்பு. பென்சில் கொண்டுவாங்க."

வந்தார். டயர்க்கடைத் தங்கையின் வீட்டுக்காரர், வக்கீலம்மாவின் தங்கை, இவர்களுக்கு நடுவில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். ஓரகத்தி குரலை உயர்த்தவில்லை, குத்திப் பேசவில்லை. முதல் பாடம் எல்லாருக்கும் சொல்வதுதான்: ஓட்டுகிறவர் கேட்காதவரை கை மடியில் இருக்க வேண்டும். எல்லாரும் மடியில் கை வைத்துக் காட்டினார்கள். கேப்டன் வைக்கவில்லை. அவள் காத்துக்கொண்டிருந்தாள். கடைசியில் வைத்தார். நான் பின்னால் நின்று பார்த்தேன். பெரிய பெரிய காண்ட்ராக்ட் எல்லாம் எடுத்திருக்கிறேன். அதில் எல்லாம் கிடைக்காத சந்தோஷம் எனக்கு அன்று கிடைத்தது.

வாய்ப்பாடம் எல்லாவற்றிலும் முதல் அவர்தான். அதில் என்ன அதிசயம், அவர் தொழில் அது. மிச்சமிருந்தது ஒரே ஒரு பறப்பு. நர்ஸம்மா ஓட்ட, கேப்டன் பக்கத்தில், ஓரகத்தி பின்னால் இருந்து பார்ப்பாள். இன்னொரு பின் சீட்டில் நான். தலைவி வரக்கூடாதா?

ஏறும்போது ஒழுங்காக இருந்தார். திடலைச் சுற்றும்போது தூரத்தில் வந்த விமானத்தை எங்கள் எல்லாருக்கும் முன்னால் பார்த்துச் சொன்னார். ஓடுபாதைக்கு நேராகத் திரும்பி இறங்க ஆரம்பித்ததும் அவர் கழுத்து நரம்பு புடைத்தது. பக்கவாட்டில் லேசாக ஒரு காற்று. நர்ஸம்மா சாவகாசமாகச் சமாளித்துக்கொண்டிருந்தார். கேப்டன் கை எழுந்தது. கண்ட்ரோலைப் பிடித்தது. வெள்ளச்சி ஒரு குலுங்கு குலுங்கினாள்.

"என்னங்க, கையை எடுங்க" என்றார் நர்ஸம்மா. வார்டில் நோயாளியை அதட்டுகிற அதே குரல். எடுத்துவிட்டார். இறங்கினோம்.

கொட்டகை முன்னால் ஓரகத்தி அவர் எதிரில் போய் நின்றாள். நான் கொஞ்சம் தள்ளி, ஆனால் காது கேட்கிற தூரத்தில்.

"முன் சீட் கொடுக்க முடியாது சார்."

"காத்து அடிச்சுது. பழக்க தோஷம், கை தானா போச்சு."

"தானா போற கைக்குத்தான் சார் முன் சீட் கிடையாது. அவங்க நல்லாத்தான் இறக்கிட்டிருந்தாங்க. நீங்க பிடிச்சதாலதான் ஆடிச்சு. பின்னாடி இருந்த எனக்கே தெரிஞ்சுது. ஓட்டினவங்களுக்குத் தெரியாதா?"

கேப்டன் நர்ஸம்மாவைப் பார்த்தார். நர்ஸம்மா சக்கரத்துக்குக் கட்டை வைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

அடுத்த முறையும் கை போயிற்று. அதற்கு அடுத்த முறை இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டார். ஆஹா, மனுஷன் தேறிவிடுவார் போலிருக்கிறதே என்று எனக்கே பயமாக இருந்தது. தரை நெருங்கும்போது விமானம் ஒரு பக்கமாக இழுத்தது. குனிந்து பார்த்தால், கையைக் கட்டிவைத்த ஆளுக்குக் கால் போய்விட்டது; பெடலை மிதித்துக்கொண்டிருந்தார். ஓரகத்தி அவர் காலைச் சுட்டிக்காட்டினாள். அவருக்கே அப்போதுதான் தெரிந்தது.

பேக்கரிக்காரிக்கு மனசு இளகிவிட்டது. வயசானவர், போனால் போகிறது, நர்ஸம்மா சமாளித்துக்கொள்வார், விட்டுவிடேன் என்றாள். சங்கத்தில் இன்னும் ஒருத்தி இரண்டு பேர் அவளோடு சேர்ந்து தலையாட்டினார்கள். ஓரகத்தி நர்ஸம்மாவிடம் திரும்பினாள். விமானம் ஓட்டுகிறவர் அவர். பக்கத்தில் கேப்டனை வைத்து இறக்க அவருக்குச் சம்மதமா என்று கேட்டாள்.

"வேண்டாம்மா" என்றார் நர்ஸம்மா. "வீட்டுல அடுப்பையும் இப்படித்தான் வந்து குறைப்பாரு. அடுப்பு தரையிலதான் இருக்கு, பரவாயில்ல."

பிறகு மழை பிடித்தது. மலைரோடு இரண்டு இடத்தில் சரிந்து, ஆஸ்பத்திரியிலிருந்து ஃபோன் வந்தது: சர்க்கரை நோய்க்கான ஊசிமருந்து தீர்ந்துவிட்டது, குளிர்ப்பெட்டியில் அனுப்ப வேண்டும். வானம் கொஞ்சம் வெளுத்த ஒரு காலையில் வெள்ளச்சியை வெளியே இழுத்தோம். நர்ஸம்மா ஓட்டுகிறார். மலைக்காற்று என்பதால் ஓரகத்தி பக்கத்தில். பின் சீட் ஒன்றில் பெட்டிகளை அடுக்கிக் கட்டினேன். எவ்வளவு எடை ஏற்றலாம் என்பதெல்லாம் எனக்கு மனக்கணக்கு. இன்னும் ஒரு ஆள் ஏறலாம். நான் ஏறுவதாகத்தான் இருந்தது.

கேப்டன் வேலியோரம் குடையோடு நின்றிருந்தார். நர்ஸம்மா ஜன்னலைத் திறந்து கூப்பிட்டார்.

"பின்னாடி ஒரு இடம் இருக்கு. ஒரு பெட்டியை மடியில வச்சுக்கணும். வர்றதுன்னா வாங்க."

அவர் என்னைப் பார்த்தார், ஓரகத்தியைப் பார்த்தார். நான் அசைவதாக இல்லை. என் இடத்தை நான் ஏன் விட வேண்டும்? ஆனால் ஓரகத்தி என் கையை அழுத்தினாள். அந்த அழுத்தலில் கெஞ்சல் இல்லை, கட்டளை இருந்தது. விலகினேன். வெள்ளச்சியில் பின்னால் ஏற வேண்டுமென்றால் முன் சீட்டைச் சாய்த்துப் பிடித்து, அதன் பின்னால் இருக்கிற சந்தில் குனிந்து நுழைய வேண்டும். ஓரகத்தி முன் சீட்டைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். அதன் உறை அவள் தைத்தது. கேப்டன் குடையை என்னிடம் கொடுத்துவிட்டுக் குனிந்தார். நன்றாகவே குனிய வேண்டியிருந்தது. உட்கார்ந்ததும் பெட்டியை எடுத்து மடியில் வைத்தாள். அவர் இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டார்.

அவர்கள் திரும்பி வரும்வரை அந்தக் குடையோடு நான் நின்றேன். வெள்ளச்சி மேகத்துக்குக் கீழாக வந்து, சத்தமில்லாமல் இறங்கினாள். கேப்டன் இறங்கி, குடையை வாங்கிக்கொண்டு, காரில் போய் உட்கார்ந்தார். போகும்போதும் வரும்போதும் வாயே திறக்கவில்லை என்றார் நர்ஸம்மா. மலையில் இறங்கும்போது மட்டும் பின்னால் சடக்கென்று ஒரு சத்தம் கேட்டதாம். அவர் பிடித்த பிடியில் பெட்டி மூடி விரிசல் விட்டுவிட்டது. மருந்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

சாயங்காலம் ஷெட்டுக்குப் போனேன். லாரி சீட் ஒன்றை மெஷினில் ஏற்றிக்கொண்டிருந்தாள்.

"மனசு ஆறிச்சாடி?"

"பாதி ஆறிச்சு."

"மீதி எப்ப ஆறும்?"

"சனிக்கிழமை மறுபடி டெஸ்ட்டுக்கு வர்றேன்னு சொல்லியனுப்பியிருக்காரு."

"சரி. ஒருவேளை இந்தத் தடவை கையும் காலும் அசையாம உக்காந்துட்டாருன்னா?"

ஊசிக்கு அடியில் துணியை நேராக்கி வைத்தாள்.

"உக்காந்தா பாஸ்தான்க்கா. வேற என்ன செய்யறது? காரணம் நிஜமா இருக்கணும்ல." மெஷினில் காலை வைத்தவள் மறுபடி எடுத்துவிட்டுச் சொன்னாள்: "ஆனா சனிக்கிழமை காத்து இருக்கும்னு சொல்றாங்க."

அதற்குமேல் மெஷின் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை. நான் யார்டுக்கு வந்து, சனிக்கிழமை எனக்கு வேலை எதுவும் வைக்கக் கூடாது என்று மேஸ்திரியிடம் சொல்லிவிட்டேன். இந்த முறை என் பின் சீட்டை யாருக்கும் விடப்போவதில்லை.